நிறைந்த தொட்டி வெள்ளத்தைத் தடுக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கினால் வாய்க்கால் தூர்வாரவில்லை என்று மாநகர, பிரதேச சபைகளைத் திட்டுகிறோம். அந்த வாய்க்காலுக்குள் யார் எவ்வளவு தண்ணீரைத் தள்ளுகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

16 பரப்பு, அதாவது ஒரு ஏக்கர் வளவில் தகரக் கூரைக் களஞ்சியமும், லொறிகள் நிற்கக் கொங்கிறீற் முற்றமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 4,000 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர். 100 மில்லிமீற்றர் பெய்தால், பத்திலொரு பங்கைக் கழித்தாலும், 3,60,000 லீற்றர் வீதிக்கு வரும். 10,000 லீற்றர் தண்ணீர்ப் பவுசரில் 36 நடை. அதே காணி தோட்டமாக இருந்தபோது செம்மண் பெரும்பகுதியைக் குடித்திருக்கும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 380 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது என்பதையும் நினைவில் வைப்போம். காணியை மண் போட்டு உயர்த்தியவர்களின் தண்ணீர் வாய்க்காலுக்குக்கூடப் போகாது, நேரே அயல்வீட்டு முற்றத்துக்குத்தான்.

மணிக்கு 50 மில்லிமீற்றர் வீதம் பெய்யும்போது இந்த வளவிலிருந்து நொடிக்கு 50 லீற்றர் வெளியேறும். மழைநீரைச் சற்று நேரம் தாங்கி மெதுவாக விட, 150 கன மீற்றர் கொள்ளும் தேக்கம் ஒன்றை, அதாவது வெள்ளத் தொட்டி ஒன்றை அமைத்து, 75 மில்லிமீற்றர் துவாரத்தால் மட்டும் வெளியே விட்டால், நீர்மட்டம் ஒரு மீற்றர் நிற்கும்போதும் நொடிக்கு 12 லீற்றருக்கு மேல் போகாது. மழை விட்டபின் ஏழு மணித்தியாலத்தில் தேக்கம் காலியாகிவிடும். ஒரு மீற்றர் ஆழத்துக்கு அரைப் பரப்புக்குச் சற்றுக் கூடிய இடம் போதும். துவாரத்துக்கு முன்னால் கம்பி வலை கட்டாயம் வேண்டும். சோறு சுற்றும் லஞ்ச் சீற் ஒன்று போதும், முழு ஏற்பாடும் அடைபட. நாவாந்துறை, குருநகர் போன்ற தாழ்ந்த கரையோரங்களில் நிலத்துக்கடித் தொட்டி சரிவராது. மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்து வெறுந்தொட்டியையே கிளப்பிவிடும். அங்கே 1,000 சதுர மீற்றர் வாகனத் தரிப்பிடத்தை ஆறு அங்குலம் தாழ்த்திக் கட்டினால் அதே 150 கன மீற்றர் கிடைக்கிறது.

“எங்களிடம் மழைநீர்த் தொட்டி இருக்கிறதே” என்பார்கள். 2007 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின் மழைநீர் சேகரிப்பு கட்டட அனுமதியோடு பேசப்படுகிறது, நல்லதுதான். ஆனால் சேகரிப்புத் தொட்டி நிறைந்திருக்க வேண்டும், வெள்ளத் தொட்டி வெறுமையாக இருக்க வேண்டும். ஐப்பசியில் நிரம்பிய தொட்டி கார்த்திகை வெள்ளத்தில் ஒரு வாளிகூட ஏற்காது. இரண்டையும் ஒன்றாகக் காட்டும் வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கக் கூடாது.

இதைவிட ஆபத்தானது முற்றத்து நீரைப் பாழ்ங்கிணற்றுக்குள்ளோ குழாய்க்கிணற்றுக்குள்ளோ இறக்கும் பழக்கம். நிலத்தடி நீரைப் பெருக்குகிறோம் என்று பெருமையும் பேசுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் மண் படை மெல்லியது. கீழே வெடிப்பும் குகையுமான சுண்ணக்கல். கிணற்றால் இறங்கும் நீர் மண்ணில் வடிபடாமலே அடுத்த கிணற்றுக்குப் போகலாம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போன பின்னும் இது நடக்கிறது. கூரை நீரை, முதல் மழையை ஒதுக்கி, மணலும் சல்லியும் இட்ட வடிகட்டியூடாகக் கிணற்றுக்கு விடலாம். லொறி நிற்கும் முற்றத்து நீரை விடவே கூடாது.

அந்த நீருக்கு மூன்று அறை எண்ணெய்ப் பொறி வேண்டும்: முதல் அறையில் மண் படியும், அடுத்ததில் எண்ணெய் மிதக்கும், வெளியேறும் குழாயின் வாய் கீழ்நோக்கி வளைந்து நீருக்குள் அமிழ்ந்திருக்கும். இது கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். கூரைப் பீலியை இதற்குள் இணைத்தால் பெருமழையின் வேகம் மிதக்கும் எண்ணெயை அள்ளிக்கொண்டு போய்விடும். வாகனம் கழுவும் சவர்க்கார நீரை விட்டால் எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து பிரியாமலே கடந்துவிடும். கழுவும் இடத்துக்கு வேறு வடிகால் கட்டுங்கள்.

சபைகளுக்கு, கட்டடம் அனுமதித்தபடி கட்டப்பட்டது என்று கொடுக்கும் இணக்கச் சான்றிதழும், மத்திய சுற்றாடல் அதிகார சபைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் கையில் இருக்கின்றன. அரை ஏக்கருக்கு மேற்பட்ட வணிக, தொழில் வளவுகளுக்குத் துவாரத்தின் அளவையும் தேக்கத்தின் கொள்ளளவையும் அவற்றில் எழுதட்டும். புரட்டாதி முடியுமுன் மூடியைத் திறந்து பார்த்து, பொறியில் அள்ளிய எண்ணெயை யாரிடம் கொடுத்தார்கள் என்ற பற்றுச்சீட்டையும் கேட்கட்டும்.

வடிகால் பொறியியலாளர்கள் இருவர்,
கோண்டாவில்.