எந்த இன்ட்ரெஸ்ட் இல்லை, தம்பி?

அன்பு மகன் தம்பிக்கு,

அப்பச்சி எழுதுகிறேன். நானும் ஆத்தாவும் நலம். இங்கே இரண்டு நாளாக நல்ல மழை, வெளியே போக முடியவில்லை, அதனால்தான் போனில் சொல்ல வராததை உட்கார்ந்து எழுதலாம் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, ஊர் வீட்டில் நம் பங்கைப் பங்காளிகளே வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். நீ ஒரு நொடிகூட யோசிக்காமல் "எனக்கு அதுல இன்ட்ரெஸ்ட் இல்ல அப்பச்சி" என்றாய். நானும் சரி என்று வைத்துவிட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. 31 வருஷம் வங்கியில் லெட்ஜரில் தினமும் எழுதிய சொல் அது, அதை நீ சொன்னபோது என்ன அர்த்தத்தில் சொன்னாய் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

நாம் அந்தச் சொல்லை எப்படியெல்லாம் பேசுகிறோம் என்று பார். இன்ட்ரெஸ்ட் கட்டினேன் என்றால் வட்டி. இன்ட்ரெஸ்ட் காட்டினேன் என்றால் ஆர்வம். டாக்டர் ரொம்ப இன்ட்ரெஸ்ட் எடுத்துப் பார்த்தார் என்றால் அது அக்கறை. கட்டு, காட்டு, எடு என்று பின்னால் வருகிற நம்முடைய வினைச்சொல்தான் எந்த இன்ட்ரெஸ்ட் என்று சொல்லிவிடுகிறது, யாருக்கும் குழப்பம் வருவதில்லை. ஆனால் 'இன்ட்ரெஸ்ட் இல்லை' என்று முடித்துவிட்டால் ஒன்றும் தெரிவதில்லை. எது இல்லை? ஆர்வமா, அக்கறையா?

போதாததற்கு, வக்கீல் கொடுத்த விடுதலைப் பத்திரத்தின் நகல் திங்கட்கிழமை வந்தது. ஆங்கிலத்தில் அடித்திருக்கிறார். அதிலும் அதே சொல்! 'ரைட், டைட்டில் அண்ட் இன்ட்ரெஸ்ட்' எல்லாவற்றையும் நீ விட்டுக்கொடுப்பதாக எழுதியிருக்கிறது. நம் பழைய பத்திரங்களில் இதைப் பாத்தியதை என்று எழுதுவார்கள். அதாவது சொத்தில் உனக்கு உள்ள உரிமையும் பங்கும். உனக்கு அந்த வீட்டைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லாமல் போனாலும், சட்டத்தின் கணக்கில் உன் இன்ட்ரெஸ்ட் அங்கே இருந்துகொண்டுதான் இருக்கும், நீ கையெழுத்துப் போடுகிற வரைக்கும்.

சொல்லப்போனால் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருளே அதுதான், பங்கு, பாத்தியதை. வேர் லத்தீன். 'இன்டர்' என்றால் இடையில், 'எஸ்ஸே' என்றால் இருப்பது. ஒரு காரியத்துக்கு நடுவில் நீ இருக்கிறாய், ஆகவே அது உன்னைச் சேர்ந்தது. வட்டி என்ற பொருள் வந்த கதை வேறு. ஐரோப்பாவில் கிறிஸ்தவ சபை வட்டி வாங்குவதைப் பாவம் என்று தடுத்திருந்த காலம் ஒன்று உண்டு. ஆனால் கொடுத்த பணம் தவணையில் திரும்பி வராமல், அதனால் கொடுத்தவனுக்கு நஷ்டம் வந்தால், அதற்கு ஈடு கேட்பது தப்பில்லை என்று வைத்திருந்தார்கள். அந்த ஈட்டுக்குப் பெயர்தான் இன்ட்ரெஸ்ட். அதுவே பிறகு வட்டிக்கான மரியாதையான பெயராக நிலைத்துவிட்டது. ஆர்வம், பிடித்தம் என்பதெல்லாம் கடைசியாக வந்து ஒட்டிக்கொண்டவை.

நம் வட்டி என்ற சொல்லும் லேசுப்பட்டதில்லை. சங்கப் பாட்டில் வட்டி என்றால் ஓலைக் கூடை, ஆத்தா பலகாரம் போட்டு வைக்கிற கொட்டான் மாதிரி ஒன்று. வேட்டுவன் மான்கறி கொண்டுவந்த வட்டியில், அதற்குப் பதிலாக உழவர் வீட்டுப் பெண்கள் வெண்ணெல்லை நிறைய முகந்து கொடுப்பதாகப் புறநானூற்றில் வருகிறது. இதைப் படித்ததிலிருந்து கொட்டானைப் பார்க்கிறபோதெல்லாம் அந்த நெல்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

பர்மாவில் வட்டிக்குக் கொடுத்து வாங்கிய என் ஐயா, அதாவது என் அப்பச்சியைப் பெற்றவர், வட்டிக் கணக்கு எழுதிய சிட்டை ஒன்று ஊர் வீட்டில் நம் அறைப் பெட்டகத்தில் இருப்பது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். போன மாதம் கரையான் பார்க்கப் போனபோது எடுத்தேன். பழுப்பேறி ஓரம் உதிர்கிறது, தொடவே பயமாக இருக்கிறது. எண்கள் எல்லாம் தமிழ் எண்கள். ஆள் பெயர், முதல், என்ன வட்டி, எத்தனை மாதம், அவ்வளவுதான், ஆனால் ஓர் இடத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி, வருஷத்துக்கு 12 சதவீதம், அதைக் கூட்டு வட்டியாக ஓடவிட்டால் ஏறக்குறைய 6 வருஷத்தில் முதல் இரட்டிப்பாகிவிடும். இதையெல்லாம் வட்டிக்கடையில் வேலை பழகப் பெட்டியடிப் பையனாகப் போன வயதிலேயே மனக்கணக்காகச் சொல்லுவார்களாம்.

சிட்டையின் பின்பக்கங்களில் வட்டி வரவு குறைந்துகொண்டே போகிறது, பிறகு வெறும் பெயர்கள்தான். 1930இல் உலகமெங்கும் மந்தம் வந்து நெல் விலை விழுந்தது, பர்மாவில் கடன் வாங்கிய விவசாயியால் வட்டியும் கட்ட முடியவில்லை, முதலும் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம்தான் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் நம் நகரத்தார் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938இல் 25 பங்கு. கேட்க ஏதோ பெரிய லாபம் மாதிரி இருக்கும். கொடுத்தவனுக்குப் பணம் வரவில்லை, அந்த விவசாயிக்கு நிலம் போயிற்று, இரண்டு பக்கமும் வயிற்றெரிச்சல். 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் விட்டது விட்டபடி கிளம்பினார்கள், எத்தனையோ பேர் நடந்தே வந்தார்கள். ஐயாவுக்கு அங்கே வட்டி என்கிற இன்ட்ரெஸ்ட் முழுவதும் போய்விட்டது. திரும்பி வந்தபோது மிச்சமிருந்தது இந்த வீட்டில் இருந்த பாத்தியதை ஒன்றுதான். அதில் வந்து படுத்துத்தான் என் அப்பச்சியை வளர்த்து ஆளாக்கினார்.

உன்னைக் கட்டிப்போட இதைச் சொல்லவில்லை. உனக்கு அங்கே வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்று எல்லாம் இருக்கிறது. ஊர் வீட்டு வளவில் நமக்கு இருக்கிற ஓர் அறையை வைத்துக்கொண்டு நீ டல்லாஸில் என்ன செய்யப்போகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். வருஷா வருஷம் ஓடு மாற்ற, வெள்ளையடிக்க, பங்குக்கு இவ்வளவு என்று கேட்டு ஆள் அனுப்புகிறார்கள், அது சின்னத் தொகையும் இல்லை. பழைய வீட்டில் ஆர்வம் இல்லை என்றால் இல்லை, ஆர்வத்தை யாரும் யாருக்கும் ஊட்ட முடியாது. பங்கு வேண்டாம் என்றால் அதுவும் உன் விருப்பம், கான்சுலேட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன், ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

அக்கறை இல்லை என்று சொன்னாயோ என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆனால் அதை நான் நம்பவும் இல்லை தம்பி. ஒவ்வொரு ஐப்பசியும் நானாகச் சொல்லாமலே "வளவுல ஒழுகுதா அப்பச்சி?" என்று கேட்கிறவன் நீ. போன தடவை வந்தபோது முகப்பில் உடைந்துபோன ஆத்தங்குடித் தரைக் கல்லைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கல்லின் பூவைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, சைக்கிளிலேயே ஆத்தங்குடிக்குப் போய் அதே மாதிரி நாலு கல் போடச் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தாய். அந்தக் கல் வந்து பதித்தாயிற்று, சொல்ல மறந்துவிட்டேன். நிறம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது, கால் பட்டுப் பட்டு ஆறு மாதத்தில் சேர்ந்துவிடும் என்று கொத்தனார் சொன்னார்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது தமிழிலேயே சொல்லு. ஆர்வமா, பங்கா, அக்கறையா, எது இல்லை? பிள்ளையார் நோன்புக்குள் பதில் சொல்கிறேன் என்று பங்காளிகளிடம் தவணை வாங்கியிருக்கிறேன். வக்கீலையும் பொறுக்கச் சொல்லியாயிற்று. ஐயாவின் சிட்டையை ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி நம் வீட்டு அலமாரியில் தனியாக வைத்திருக்கிறேன், நீ என்ன முடிவு செய்தாலும் அது உனக்குத்தான்.

ஆத்தா சீப்புச் சீடை சுட்டு வைத்திருக்கிறாள். ஊரிலிருந்து யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பச்சி