வியாழக்கிழமைக்கு முன்னால் படி

பெருந்துறை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளை,

மூன்று மாதமாக உன் போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். மஞ்சள் இன்னும் விற்கவில்லை. பேத்தி மொட்டைக்கு நான் வரவில்லை என்று தங்கச்சிக்குக் கோபமாம், செல்வராசு சொன்னான். இன்னொன்றும் சொன்னான். வியாழக்கிழமை அம்மாவைக் கைரோபிராக்டிக் வைத்தியத்துக்கு, அதுதான் முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் அமுக்கித் திருப்புகிற வைத்தியம், கூட்டிப் போகிறாயாம், பத்து தடவைக்குச் சேர்த்துப் பணமும் கட்டிவிட்டாயாம். வீடியோவில் சொடக்குச் சத்தம் கேட்டதும் மயங்கியிருப்பாய். கூடுதுறையில் செருப்புக்காரனை நம்பின ஆள்தானே நீ!

நானும் போனேன் மாப்பிள்ளை. தை மாதம் இடுப்புப் பிடித்துக்கொண்டு குனியவே முடியவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து இடுப்பைத் திருப்பி அமுக்கினார்கள். நிஜமாகவே லேசானது, அதை மறைக்க மாட்டேன். அப்புறம் ஒரு வார்த்தை கேட்காமல் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஒரே திருப்பு. மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கும்போது பின்கழுத்தில் அதுவரை காணாத வலி. வாசல் கோலம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. வாந்தி. ஸ்கேன் பார்த்த டாக்டர், கழுத்தெலும்பு வழியாக மூளைக்குப் போகிற ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்திருக்கிறது என்றார். அங்கே ரத்தம் கட்டி மேலே போனால் பக்கவாதம். இப்படி நடப்பது அபூர்வம் என்றும் அவரே சொன்னார். எனக்குப் பக்கவாதம் வரவில்லை, மாத்திரை மட்டும் ஓடுகிறது. யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை, உன்னிடமும்.

அதற்கப்புறம்தான் விசாரித்தேன். 1895இல் அமெரிக்காவில் டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பால்மர் ஆரம்பித்த வைத்தியம் இது. முதல் ஆளுக்கு முதுகெலும்பைத் தள்ளியதும் கேட்காத காது கேட்டது என்றார். எலும்பு விலகலே நோய்களுக்கு வேர் என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான். இடுப்பு வலிக்கு ஓரளவு உதவும், உடற்பயிற்சி உதவுகிற மாதிரி. ஆஸ்துமா தீரும், சர்க்கரை இறங்கும் என்றால் எழுந்து வந்துவிடு. அந்தச் சொடக்கும் எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தம் இல்லை, மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழ் உண்டாகிற சத்தம். நாம் விரலில் நெட்டி முறிப்பதும் அதே. சலூனில் கழுத்துக்குச் சொடக்கு எடுப்பதையும் இன்றோடு விட்டுவிடு.

அம்மா விசயத்துக்கு வருகிறேன். வீசிங்குக்கு எத்தனை வருசமாக ஸ்டீராய்டு மாத்திரை! அது எலும்பைக் கரைக்கும். போன வருசம் தண்ணீர்த் தொட்டிக்கிட்ட வழுக்கியதற்கே மணிக்கட்டு முறிந்ததே, மறந்துவிட்டாயா? அந்த முதுகை யாராவது ஓங்கி அமுக்கினால் எலும்பு நொறுங்கும். முதலில் எலும்பு டாக்டரிடம் காட்டு, எலும்பு அடர்த்திக்கு ஸ்கேன் எடுக்கச் சொல். கால் மரத்தாலோ, மூத்திரம் அடக்க முடியாமல் போனாலோ, முதுகு வலியோடு காய்ச்சல் வந்தாலோ ஒரு நாளும் தள்ளாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

நாள் முழுக்க கட்டிங் டேபிளில் குனிகிற உன் இடுப்புக்கு வேண்டுமானால் பிசியோதெரபிஸ்ட்டைப் பார். இல்லை, அங்கேதான் போவேன் என்றால் போ. கழுத்தைத் தொடக்கூடாது என்று படுக்கும் முன்னாலேயே வாய்விட்டுச் சொல்.

கட்டின பணம் போனால் போகிறது. வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் திருப்பூர் வருகிறேன், டாக்டரிடம் மூன்று பேருமே போகலாம். நான் வருகிறேன் என்று அம்மா சந்தகை செய்யக் கிளம்பும். அந்தக் கையால் பிழிய விடாதே, நான் வந்து பிழிகிறேன்.

உன்,
பழனிசாமி