சாவியோடு குழாய் வரைபடத்தையும் கொடுங்கள்: அடுக்குமாடி கட்டி விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டுநர்களுக்கு,

வணக்கம். வாடகைக்கு விடலாம் என்று சென்னை ஓஎம்ஆரில் வீடு வாங்கிப் போட்டவர்களில் நானும் ஒருவன். வங்கித் தவணை, டேங்கர் லாரித் தண்ணீர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். நான் கேட்பது ஒன்றுதான். சாவி கொடுக்கும்போது, சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் குழாய் எப்படிப் போகிறது என்று காட்டும் வரைபடத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

என் வீட்டுக்குக் கீழே இருப்பவர், பாத்ரூம் சீலிங் ஊறிப் பெயிண்ட் உரிவதைப் படம் எடுத்து அனுப்பினார். பிளம்பர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "லைன் எந்தப் பக்கமா வருது சார்?" எனக்கு எப்படித் தெரியும்? கட்டிய நிறுவனத்தைக் கேட்டால், அந்த சைட் இன்ஜினியர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். சரி, குத்துமதிப்பாக உடைக்க ஆரம்பித்தோம். வாஷ்பேசினுக்குப் பின்னால் சுவர் காய்ந்து கிடந்தது. ஷவர் பக்கமும் ஒன்றுமில்லை. கடைசியில் தரையைத் தோண்டினால், குழாய் போவதற்காகத் தாழ்த்திக் கட்டிய சங்கன் ஸ்லாபில் கொட்டியிருந்த செங்கல் துண்டுகள் தண்ணீரில் மிதக்காத குறை. சிபிவிசி எல்போ ஒன்றில், அதாவது பிளாஸ்டிக் குழாய் திரும்பும் இடத்து இணைப்பில், பசை பாதிதான் பிடித்திருந்தது. விரல் நீளத்துக்கு ஒரு கோளாறு, அதற்கு முக்கால் பாத்ரூம் போயிற்று. அந்த டைல்ஸ் இப்போது கடையில் வருவதுகூட இல்லை. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வாஷர் மாற்றுவது அவர்கள் பொறுப்பு, பைப் மாற்றுவது என் பொறுப்பு.

வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் வேலைப்பாட்டில் குறை இருப்பதைச் சொன்னால், 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு. அதைக் காட்டி எழுதினேன். குடியிருந்தவர் கீசர் மாட்டத் துளை போட்டிருப்பார் என்று பதில் வந்தது. கீசர் இருப்பது சுவரின் உச்சியில், ஒழுகியது தரைக்கடியில்.

உங்கள் விளம்பரப் புத்தகத்தில் நீச்சல் குளத்துக்குப் பக்கம் பக்கமாகப் படம். குழாய்க்கு "தரமான ஃபிட்டிங்ஸ்" என்று ஒரு வரி. மாதிரி வீட்டில் பிளாஸ்டிக் பூவுக்குக்கூட தனியாக விளக்கு போட்டுக் காட்டுகிறீர்கள், சுவருக்குள் இருப்பதைக் காட்டத்தான் யாருக்கும் நேரமில்லை. மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது.

பூசுவதற்கு முன் ஒவ்வொரு பாத்ரூம் சுவரையும் அளவு டேப் வைத்துப் போட்டோ எடுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன் குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் ஏற்றிப் பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள், சங்கன் பகுதியில் தண்ணீர் தேக்கிப் பாருங்கள், அன்றைக்கு வாங்கியவரையும் கூப்பிடுங்கள். அப்புறம் அந்தப் போட்டோவையும் வரைபடத்தையும் அவர் கையில் கொடுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

என் வீட்டில் இன்னொரு பாத்ரூமை இன்னும் உடைக்கவில்லை. அதன் வரைபடத்தையாவது தயவுசெய்து அனுப்பிவைக்கும்படி, கட்டிய நிறுவனத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாடகை வராத வீட்டுக்குத் தவணை கட்டும் ஒருவன்