தண்ணீரைக் கூட்டாதே, சேகர்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலூரிலேயே வேலை அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லையா?

மாடியில் மிளகாயும் தக்காளியும் வாடுகின்றன, தண்ணீரைக் கூட்டியும் தேறவில்லை என்று எழுதியிருந்தாய். அந்தக் 'கூட்டியும்' தான் எனக்குப் பயமாக இருக்கிறது. போன வருடக் கத்திரி வெயிலில் இப்படிச் செய்துதான் ஐந்து வருடமாக வளர்த்த கறிவேப்பிலையை இழந்தேன். இலை தொங்கியதும் தாகம் என்று நினைத்து இருவேளையும் ஊற்றினேன். கடைசியில் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பாகிக் கொழகொழவென்று இருந்தது. மண்ணில் சாக்கடை வாடை. தண்ணீர் தேங்கினால் மண்ணில் காற்று இருக்காது, வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரால் சுற்றி நிற்கும் தண்ணீரையே உறிஞ்ச முடியாது. அதனால் காய்ந்த செடி போலவே இலை தொங்கும். அன்று அது எனக்குத் தெரியவில்லை.

மதியம் இரண்டு மணிக்குப் பார்த்து முடிவு செய்யாதே. வேலூர் வெயிலில் நல்ல செடியும் அந்நேரம் துவளத்தான் செய்யும். வேர் கொடுப்பதைவிட இலை வழியாகப் போகும் நீர் அதிகம். விடியற்காலையில் போய்ப் பார். நிமிர்ந்து நின்றால் கவலையில்லை. அப்போதும் தொங்கினால் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடு. ஈரமாக இருந்து, அடி இலைகளும் மஞ்சளாகியிருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டுப் செடி வைத்த பையின் அடித்துளை அடைத்திருக்கிறதா பார்.

இன்னொன்று. நீ தென்னை நார்க்கழிவு நிறையக் கலந்திருக்கிறாய். அது ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது. ஊற்றியது ஓரமாக வழிந்து அடியில் ஓடிவிடும். மேலே ஈரம், நடுவில் வெறும் தூள். பையைத் தூக்கிப் பார், லேசாக இருந்தால் இதுதான். கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஊற்று. மூன்று தடவையில் ஊறிவிடும்.

தக்காளியில் பூ உதிர்வது வேறு கதை. பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப்போகிறது. அதற்கு எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை. காயில் வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் அது வெயில் சுட்டது. 50 சதவீத நிழல்வலை கட்டு. கறுப்புப் பைகளைச் சுற்றிப் பழைய சாக்கு போடு, மண்மேல் சருகு பரப்பு. வாடிய செடிக்கு உரம் மட்டும் இப்போது வேண்டாம், வேர் கருகிவிடும்.

நாளைக் காலையில் பார்த்துவிட்டு என்ன நிலை என்று உடனே எழுது. ஆடியில் அங்கே வருகிறேன். அப்புறம், உன் கறிவேப்பிலை அடியில் முளைத்திருக்கும் பக்கக் கன்றுகளில் ஒன்றை எனக்கு எடுத்து வை.

அன்புடன்,
மணி