மீன் தொட்டிக்கு 'மக்கும்' குருணை வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் கடல்மீன் தொட்டி வைத்திருப்போர் மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நைட்ரேட்டைக் குறைக்கப் பயோபெல்லட் என்ற மக்கும் பிளாஸ்டிக் குருணையைத் தேடுகிறார்கள். பெயர் அச்சிட்ட டப்பா விலை கூடுதல் என்பதால், 'மக்கும் பிளாஸ்டிக்தானே, எல்லாம் ஒன்றுதான்' என்று வெறும் கவரில் கட்டித் தரும் குருணையை வாங்கிவிடுகிறார்கள். எல்லாம் ஒன்றில்லை. தொட்டியில் பவளமும் இறாலும் இருந்தால் இது உயிர் விஷயம்.

இந்தக் குருணை பாக்டீரியாவுக்குத் தீனி. அதிலுள்ள கார்பனைத் தின்று பெருகும் பாக்டீரியா, தண்ணீரிலுள்ள நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற நுரைக் கருவி அந்தப் பாக்டீரியாவை நுரையோடு வெளியேற்றும். ஆகவே குருணை முழுக்க முழுக்க பாக்டீரியா தின்னக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். பி.எச்.ஏ. (பாலிஹைட்ராக்சி அல்கனோயேட்), பி.சி.எல். (பாலிகேப்ரோலாக்டோன்) என்ற மக்கும் பிளாஸ்டிக் இரண்டும் அப்படிப்பட்டவை. பி.எல்.ஏ. (பாலிலாக்டிக் அமிலம்) என்ற மற்றொரு வகை தொட்டியின் வெப்பத்தில் மிக மெதுவாகவே சிதையும். கேரி பேக் செய்ய வரும் குருணையோ பெரும்பாலும் கலவை. பல பாலிமரோடு (பிளாஸ்டிக் வகைகளோடு) ஸ்டார்ச், டால்க், மென்மையாக்கிகள், நிறமிகள் என்று ஏதேதோ இருக்கும். கோபால்ட், மாங்கனீசு உப்பு சேர்த்து வெயிலில் நொறுங்கச் செய்த சாதாரண பாலித்தீனும் 'மக்கும்' என்ற பெயரில் விற்கப்படுவதுண்டு. பாக்டீரியா அதைத் தின்னாது. உலோகம்தான் தண்ணீருக்கு மிச்சம்.

'சர்டிபிகேட் இருக்கிறதே' என்பார்கள். ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரம் உரக்கிடங்கில் மக்குவதற்கானது. அங்கே சூடு ஏறக்குறைய 58 டிகிரி. நம் தொட்டியிலோ 26. மண்ணுக்கும் செடிக்கும் கெடுதி இல்லை என்று பார்த்ததை வைத்துக் கடல்நீரில் வாழும் இறாலுக்கும் பவளத்துக்கும் உறுதி சொல்ல முடியாது.

வாங்கும்போது பாலிமரின் பெயரும் கிரேடும் உள்ள தரவுத் தாளைக் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். நிறம் சேர்த்தது, மறுசுழற்சி வாடை அடிப்பது எதுவும் வேண்டாம். வீட்டிலேயே மூன்று சோதனைகள் செய்யலாம். முதலாவது, பத்துக் குருணையை ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் தேய்த்து நனைத்துப் போடுங்கள். பி.எச்.ஏ., பி.சி.எல்., பி.எல்.ஏ. எல்லாம் தண்ணீரை விடக் கனமானவை, மூழ்கும். அப்படியும் மிதப்பது பாலித்தீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். (சோதித்த குருணையைத் தூக்கிப் போடுங்கள், தொட்டிக்குள் வரக்கூடாது.) இரண்டாவது, 70 டிகிரி வெந்நீர். பி.சி.எல். 60 டிகிரியிலேயே உருகும். கண்ணாடிபோல் தெளிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பி.சி.எல். என்று விற்றது வெந்நீரிலும் அப்படியே கிடந்தால் பெயர் பொய். ஆனால் பி.எச்.ஏ.வையும் பி.எல்.ஏ.வையும் இதை வைத்துப் பிரிக்க முடியாது, அதனால்தான் தரவுத் தாளை வலியுறுத்துகிறேன்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒரு லிட்டர் புதிய உப்புநீரில் 50 மில்லி குருணையை இரண்டு வாரம் ஊறவிட்டு, நீரில் செம்பு இருக்கிறதா என்று காட்டும் காப்பர் கிட்டில் பாருங்கள். பிறகு அந்த நீரில் ஒரு பாதியையும், குருணை போடாமல் அதே நாளில் எடுத்து வைத்த உப்புநீரையும் தனித்தனி டம்ளரில் வைத்து, இரண்டிலும் மெல்லக் காற்று விட்டு, அன்று பொரித்த ஆர்ட்டீமியா (சிறு உப்புநீர் இறால்) குஞ்சுகளை விடுங்கள். 24 மணி நேரத்தில் ஊறல் நீரில் மட்டும் குஞ்சுகள் செத்தால் அந்தக் குருணை தொட்டிக்கு ஆகாது.

அளவிலும் அவசரம் கூடாது. லிட்டருக்கு ஒரு மில்லி என்று வைத்தால் 300 லிட்டர் தொட்டிக்கு 300 மில்லி. முதலில் 75 மில்லி மட்டும் ரியாக்டரில் (நீரோட்டத்தில் குருணையைப் புரட்டும் குழாய்க் கருவியில்) போட்டு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூட்டுங்கள். நைட்ரேட் இறங்க ஒன்றிரண்டு மாதம்கூட ஆகலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் தண்ணீர் பால்போல் கலங்கி, ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். ரியாக்டரின் வெளியேறு குழாய் ஸ்கிம்மர் பம்பின் வாய்க்கு அருகில் இருக்க வேண்டும். கடைசிக் குருணை வரை புரண்டுகொண்டே இருக்க வேண்டும். ரியாக்டரின் வலையில் சளி அடைத்து ஓட்டம் குறைந்தால் குருணை கட்டியாகி, நடுவில் ஆக்சிஜன் இல்லாமல் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். அழுகின முட்டை வாடைதான் அடையாளம். நைட்ரேட் பூஜ்யமாகி பாஸ்பேட் மட்டும் நின்றால் மணலில் சிவப்புப் பாசி படரும். பாக்டீரியா பத்துப் பங்கு நைட்ரேட்டுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு பாஸ்பேட்டைத்தான் எடுக்கும். அப்போது குருணையைக் குறைத்து, பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு வடிபொருளால் அதை எடுப்பதே வழி.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத தொட்டி 30 டிகிரிக்கு மேல் போகும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, பாக்டீரியாவின் பசியோ அதிகம். ஏப்ரல், மே மாதங்களில் பாதி அளவு போதும். கரண்ட் போய் ரியாக்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், கரண்ட் வந்ததும் அது தானாக ஓடவே கூடாது. உள்ளே கெட்டுப்போன நீர் மொத்தமும் தொட்டிக்குள் பாயும். பிளக்கைப் பிடுங்கி, அந்த நீரைக் கொட்டிவிட்டு, தொட்டி நீராலேயே குருணையை அலசி, பிறகு ஓட்டுங்கள். குளோரின் கலந்த குழாய் நீரில் அலசினால் பாக்டீரியா சாகும். இன்வெர்ட்டர் இருந்தால் முதல் இணைப்பு காற்று பம்புக்கு.

தங்கமீன், டிஸ்கஸ் போன்ற நன்னீர் மீன் வளர்ப்பவர்கள் இந்தச் செலவே செய்ய வேண்டாம். நன்னீரில் ஸ்கிம்மர் சரியாக வேலை செய்யாது, பாக்டீரியா உள்ளேயே தங்கும். வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். அதற்கு முன் போர் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: நீங்கள் கட்டித் தரும் ஒவ்வொரு கவரிலும் பாலிமரின் பெயர், தயாரிப்பாளர், கிரேடு, லிட்டருக்கு எத்தனை மில்லி என்ற நான்கையும் எழுதி ஒட்டுங்கள்.

– கடல்மீன் தொட்டி பராமரிப்பாளர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.