அடுப்புக் குழாய் விஷயமாக உம்மா எழுதுவது

கீழக்கரை

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வாப்பாவும் நலம். நீ வாங்கி அனுப்பிய, சமையல் மேடையில் பதிக்கிற நாலு பர்னர் ஹாப் அடுப்பை மாட்டியாகிவிட்டது. போட்டோவைப் பார்த்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "ஏன் உம்மா குழாய் வெளியே தெரியுது? சுவருக்குள்ள புதைக்கச் சொன்னேனே" என்பதுதான். போனில் சொன்னால் நீ "சரி உம்மா, சரி உம்மா" என்றுகொண்டே வேறு வேலை பார்ப்பாய். அதனால் எழுதுகிறேன்.

நம் வீட்டுச் சுவர் எப்படிப்பட்டது என்று உனக்கு நினைவு இருக்கிறதா? முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்துக் கிடக்கிறது. எத்தனை தடவை பூசினாலும் அடுத்த கச்சான் காற்றுக்குள் பூச்சு பெயர்ந்துவிடும். குளியலறைச் சுவருக்குள் புதைத்த இரும்புக் குழாய் துருப்பிடித்துக் கசிந்தபோது சுவர் ஈரமாகிக் காட்டிக் கொடுத்தது, உடைத்துச் சரிசெய்தோம். கேஸ் கசிந்தால் எந்த ஈரம் காட்டும்? பூச்சுக்குப் பின்னால் எந்தச் சந்தில் போய்ச் சேருகிறது என்று யாருக்குத் தெரியும்? குழாய் கண்ணுக்குத் தெரிய வேண்டும், துணியால் துடைக்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். வாப்பாவைக் கோபிக்காதே.

அடுப்பு மாட்ட வந்த பையன் வேறு ஒரு யோசனை வைத்திருந்தான். பழைய இடத்திலேயே சிலிண்டரை வைத்து, நீளமாக ஒரு ரப்பர் டியூபை டிராயர்களுக்குப் பின்னால் வளைத்துக் கொண்டுபோகலாமாம். ஏஜென்சி மெக்கானிக் வந்து அதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். அந்த ஆரஞ்சு டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக்கூடாது, சுவரைத் துளைத்தும் போகக்கூடாது, அடைத்த இடத்தில் மறைந்தும் இருக்கக்கூடாது. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றவும் வேண்டும். டிராயருக்குப் பின்னால் இருப்பதை யார் போய்ப் பார்ப்பது, எலி கடித்தால்கூடத் தெரியாது.

அப்புறம்தான் செப்புக் குழாய் என்று முடிவானது. சிலிண்டர் இப்போது கொல்லைப் பக்கம், நிழலில், சிமெண்டு மேடை மேல் நிற்கிறது. அடியில் காற்று போக வழிவிட்டு கம்பி வலைக் கதவு. முதலில் வாப்பா காட்டிய இடம் சாக்கடை மூடிக்குப் பக்கத்தில். மெக்கானிக் வேண்டாம் என்றார். இந்த கேஸ் காற்றைவிடக் கனமாம், கசிந்தால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் போய்த் தங்குமாம். எனக்கு இதில் இன்னொரு வசதி. சிலிண்டர் போடுகிறவர் முடுக்கு வழியாக வந்து மாற்றிவிட்டுப் போய்விடுகிறார், வீட்டுக்குள் வர வேண்டியதில்லை.

சுவரைத் தாண்டும் இடத்தில் செப்புக் குழாய்க்கு ஒரு உறை போட்டிருக்கிறது, உப்புச் சிமெண்டு அதில் நேராகப் படாது. உள்ளே ஸ்விட்ச் போர்டை விட்டு விலகி, கிளிப் அடித்து, அடுப்புக்குப் பக்கவாட்டில் ஒரு வால்வில் வந்து முடிகிறது. அங்கிருந்து ஹாப் வரை மட்டும் சின்னதாக ஒரு டியூப், அந்தக் கப்போர்டுக்கு மட்டும் கதவு இல்லை. இரவில் கொல்லைக்குப் போய் ரெகுலேட்டரை மூட வேண்டாம், தீக்கு மேலே கையை நீட்டாமலே அந்த வால்வைத் திருப்பிவிடலாம்.

எல்லாம் மாட்டியதும் சோப்புத் தண்ணீரை நுரைக்க நுரைக்க அடித்து ஒவ்வொரு ஜாயிண்டிலும் தடவினார். மூன்றில் ஒன்றும் இல்லை. வால்வுக்குக் கீழே இருந்த பித்தளை நட்டில் மட்டும் கடுகளவு ஒரு குமிழி. அவர் கையை எடுத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார், நானும் குனிந்து பார்த்தேன். உடைந்தது, அதே இடத்தில் இன்னொன்று மெதுவாகக் கிளம்பியது. கழற்றி, குழாயின் வாயை மறுபடி விரித்து இறுக்கினார். மீண்டும் தடவியபோது நுரை அசையாமல் நின்றது. மூக்கால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. கேஸுக்கென்று நாற்ற மருந்து கலக்கிறார்கள்தான், ஆனால் தெருவில் கருவாடு காயும் நாளில் நம் மூக்கு எதைச் சொல்லும்?

நீ படத்தில் காட்டிய மாதிரி ஜன்னலை ஒட்டி ஹாப் வைக்கவில்லை. தெற்கே கடல் பார்த்த ஜன்னல், காற்றில் சிம் நெருப்பு அணைந்துவிடும். அணைந்தால் தானாக கேஸை நிறுத்தும் வசதி இதில் இருக்கிறது என்று நீ சொன்னாய். இருக்கட்டும், அதற்காகக் காற்றில் கொண்டுபோய் வைப்பார்களா?

"நாளைக்குத் தெருவுக்கே குழாய் கேஸ் வந்துவிடும், அப்போ உடைக்க வேண்டாமே" என்றாய். வழுதூரில் நம் மாவட்டத்து கேஸில் கரண்டே எடுக்கிறார்கள், வந்தால் சந்தோஷம்தான். ஆனால் அது வேறு கேஸ், காற்றைவிட லேசு. பர்னருக்குள் கேஸை விடுகிற ஜெட் துளையையே பெரிதாக மாற்ற வேண்டும். அன்றைக்கு வருகிறவர்கள் குழாயைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கட்டும்.

ஒரு குறை இருக்கிறது. தொதல் அல்வாச் சட்டியை இந்த ஹாப்பின் கண்ணாடி மேல் ஏற்றி இரண்டு கையாலும் கிண்ட எனக்குத் துணிச்சல் இல்லை. அதற்கு விறகடுப்புதான். அதையும் சிலிண்டர் பக்கமிருந்து முற்றத்தின் எதிர் மூலைக்கு மாற்றியாகிவிட்டது. பெருநாளைக்கு வந்தால் அங்கே நின்று கிண்டிக்கொடு.

கசிவு புகாருக்கான 1906 நம்பரைப் பக்கத்துக் கப்போர்டு கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். அழகு கெட்டுப்போச்சு என்று வந்து கிழித்துவிடாதே.

ஹாப்பின் பில்லும் வாரண்டி அட்டையும் உன் மெயிலில்தான் இருக்கும். வாப்பாவுக்கு அனுப்பி வை, பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்கிறோம்.

துஆக்களுடன்,
உம்மா