பாண்ட்ஸுக்கு ஓட்டு, ரோஸுக்கு இல்லை

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. வலி குறைந்ததும் கைகழுவி விடுவதுதான் நம் வயதுக்காரர்கள் வழக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் வேலை மாறிவிட்டாள், சின்னவன் எப்போதும் போல. உன் கடிதத்தை என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். "அண்ணனுக்கு உடம்பு தேறியாச்சு, கோபத்தைப் பார்த்தாலே தெரியுது" என்றாள்.

ஆபரேஷனுக்கு முன்னால், அந்தக் காலை வைத்துக்கொண்டு மகனோடு கூப்பர்ஸ்டவுன் வரை போய் வந்திருக்கிறாயே, அதைச் சொல்ல வேண்டும். பேஸ்பாலில் சாதித்தவர்களைக் கௌரவிக்கும் மியூசியமான ஹால் ஆஃப் ஃபேமில் வெண்கலப் பட்டயங்கள் வரிசையாக இருக்கும் அந்தக் கூடத்தில், ஊக்கமருந்துச் சந்தேகத்தில் சிக்கிய பாரி பாண்ட்ஸ் இல்லை, ரோஜர் கிளெமென்ஸ் இல்லை, பந்தயம் கட்டிய பீட் ரோஸ் இல்லை. "இவர்கள் ஆட்டத்தைப் பார்க்கிறார்களா, ஜாதகம் பார்க்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறாய். குணம் என்ற பேச்சையே தூக்கிப் போட வேண்டும், அடித்த ரன்னையும் வென்ற ஆட்டத்தையும் மட்டும் பார்த்தால் போதும் என்பது உன் கட்சி. நான் பாதி தூரம் உன்னோடு வருவேன். மீதிக்கு வரமாட்டேன்.

முதலில் உன் கைக்கு வலு சேர்க்கும் விஷயங்களை நானே சொல்லிவிடுகிறேன். ஓட்டுப் போடுகிறவர்கள் பேஸ்பால் நிருபர்கள், சங்கத்தில் பத்து வருடம் இருந்தவர்கள். நூற்றுக்கு 75 பேர் சரி என்றால்தான் ஒருவர் உள்ளே போகலாம். எதைப் பார்த்து ஓட்டுப் போடுவது என்று விதி ஆறு விஷயங்களைச் சொல்கிறது: ஆட்டக் கணக்கு, திறமை, நேர்மை, விளையாட்டு மனப்பான்மை, குணம், அணிக்குச் செய்த பங்களிப்பு. ஆறில் மூன்று மனிதனைப் பற்றியவை. இந்த விதி 1940-களில் வந்தது. 1936-ல் முதல் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தபோது இப்படி எதுவும் இல்லை.

அந்த ஐவரில் அதிக ஓட்டு வாங்கியது பேப் ரூத் இல்லை, டை காப். 226-க்கு 222. காப் பற்றிப் பின்னாளில் கிளம்பிய கதைகளில் பல மிகைப்படுத்தியவை என்கிறார்கள், அவற்றை விட்டுவிடுவோம். ஆனால் 1912-ல் நியூயார்க்கில் நடந்தது ஆயிரக்கணக்கானவர்கள் கண்முன் நடந்தது. கேலரியிலிருந்து ஒருவன் விடாமல் திட்டினான் என்று காப் வேலியைத் தாண்டி ஏறிப் போய் அவனைப் புரட்டி எடுத்தார். அடிவாங்கியவனுக்கு விபத்தில் ஒரு கை போய், மறு கையிலும் விரல்கள் போயிருந்தன. லீக் காப்பை சஸ்பெண்ட் செய்ததும் அவருடைய அணி வேலைநிறுத்தம் செய்தது. வேறு வழியில்லாமல் தெருவில் கிடைத்தவர்களை இறக்கி ஓர் ஆட்டம் ஆடி, 24-2 என்று தோற்றார்கள். அந்த காப்தான் அந்தக் கூடத்தின் முதல் ஆள்.

அதைவிட என்னை உறுத்துவது வேறு ஒன்று. குணத்தைப் பார் என்று விதி எழுதிய அதே வருடங்களில், அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. 1947-ல் ஜாக்கி ராபின்சன் வந்த பிறகுதான் கதவு திறந்தது. கறுப்பர்களோடு ஆடமாட்டேன் என்று அடம்பிடித்த கேப் ஆன்சன் 1939-லேயே உள்ளே. பாஸ்டன் ரெட் சாக்ஸ் முதலாளி டாம் யாக்கி, எல்லா அணிகளுக்கும் கடைசியாக, 1959-ல்தான் ஒரு கறுப்பின ஆட்டக்காரரைச் சேர்த்தார். அவரும் 1980-ல் உள்ளே போய்விட்டார். இவர்களுக்கெல்லாம் குணம் என்ற வார்த்தை ஞாபகத்துக்கு வரவில்லை போல.

இன்னொன்றும் கவனி. ராபர்ட்டோ கிளமென்ட்டே 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவா பூகம்பத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிய விமானத்தில் போய், அது கடலில் விழுந்து இறந்தார். ஓய்வுபெற்று ஐந்து வருடம் ஆக வேண்டும் என்ற விதியைத் தள்ளிவைத்து 1973-லேயே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அவர் சரியாக 3,000 ஹிட் அடித்தவர், எப்படியும் உள்ளே போயிருப்பார். நல்லவர் என்பதற்காக மட்டும் ஒரு சுமாரான ஆட்டக்காரரை நிருபர்கள் தேர்ந்தெடுத்ததே இல்லை. ஆக, குணம் யாரையும் உள்ளே கூட்டிப் போவதில்லை, வாசலில் நிறுத்தி வைக்கத்தான் அது பயன்படுகிறது.

சரி, பாண்ட்ஸ். 762 ஹோம் ரன், ஏழு முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2022-ல், நிருபர்கள் ஓட்டில் பத்தாவது, கடைசி வாய்ப்பில், 66 சதவீதம் வாங்கி வெளியே நின்றார். சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை ஏழு முறை வாங்கிய கிளெமென்ஸுக்கு 65.2. ஹாங்க் ஆரனின் ஹோம் ரன் சாதனையை முறியடித்த பாண்ட்ஸின் 756-வது பந்தை ஒரு ஃபேஷன் தொழிலதிபர் ஏழரை லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்து, அதை என்ன செய்யலாம் என்று இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தினார். சாதனை சந்தேகத்துக்குரியது என்பதற்கு அடையாளமாகப் பந்தின் தோலில் ஒரு நட்சத்திரக் குறியைப் பொறித்து கூப்பர்ஸ்டவுனுக்கே அனுப்பச் சொன்னார்கள் ஜனங்கள். அப்படியே செய்தார், மியூசியமும் வாங்கி வைத்துக்கொண்டது. அடித்தவனுக்கு இடமில்லை, அடிபட்ட பந்துக்கு இடமுண்டு!

1998 கோடையை மறந்திருக்க மாட்டாய். ஒரே அறையில் இருந்தோம், மார்க் மெக்வயர் 70 ஹோம் ரன் அடித்தாரா சாமி சோசா 66 அடித்தாரா என்று தூங்காமல் கணக்குப் பார்த்தோம். அந்த ஆகஸ்டில் ஒரு செய்தி நிறுவன நிருபர் மெக்வயரின் லாக்கரில் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் பாட்டிலைப் பார்த்து எழுதினார். ஒலிம்பிக்ஸில் தடை செய்த சரக்கு, பேஸ்பாலில் மட்டும் தடையில்லை. ஊர் யாரைத் திட்டியது என்று நினைக்கிறாய்? எழுதிய நிருபரை. அடுத்தவன் லாக்கரை எட்டிப் பார்க்கலாமா என்று சக நிருபர்களே அவருக்கு நாகரிகம் கற்றுக்கொடுத்தார்கள். பத்து வருடம் கழித்து ஓட்டுச்சீட்டு கைக்கு வந்ததும் அந்தக் கூட்டத்துக்கே ஒழுக்கம் பொத்துக்கொண்டு வந்தது. மெக்வயருக்கு ஒருமுறைகூட நான்கில் ஒரு பங்கு ஓட்டு விழவில்லை.

ஸ்டீராய்டு கூடாது என்று லீக் நிர்வாகத்தின் தலைவரான கமிஷனர் 1991-லேயே ஒரு சுற்றறிக்கை அனுப்பினார், உண்மை. ஆனால் சோதனை கிடையாது, தண்டனையும் கிடையாது. தண்டனையோடு சோதனை வந்தது 2004-ல். நடுவில் இருந்த அத்தனை வருடமும் அரங்கம் நிரம்பியது, கல்லா நிரம்பியது. அப்போது நிர்வாகத்தின் தலைமையில் இருந்தவர் பட் சீலிக். அவரை 2016 டிசம்பரில், நிருபர்கள் ஓட்டுக்கு வராதவர்களைப் பார்க்கும் ஒரு கமிட்டி ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தது. மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சீலிக் உள்ளே இருக்கும்வரை பாண்ட்ஸை வெளியே நிறுத்த யாருக்கும் தகுதியில்லை. எனக்கு ஓட்டு இருந்தால் மனமில்லாமல்தான் என்றாலும் பாண்ட்ஸுக்குப் போடுவேன். ஊக்கமருந்துக்காக 2014 சீசன் முழுக்கத் தடைபட்டிருந்த அலெக்ஸ் ரோட்ரிகஸுக்குப் போடமாட்டேன். அவர் சோதனையும் தண்டனையும் வந்த பிறகு, தெரிந்தே செய்தவர்.

இங்கேதான் நாம் பிரிகிறோம். குணம் என்ற பெயரில் ஒருவன் நல்லவனா கெட்டவனா என்று நிருபர்கள் நாட்டாமை செய்ய வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆட்டத்துக்கே குழி பறித்தானா என்ற கேள்வி இருக்கிறதே, அதை எப்படி விட முடியும்? அது குணத்தைப் பற்றியது என்பதைவிட ஆட்டக் கணக்கைப் பற்றியது. நேர்மையாக ஆடாத ஆட்டத்தின் கணக்குக்கு என்ன மதிப்பு?

அதனால்தான் ரோஸ் விஷயத்தில் நான் இளகுவதில்லை. 4,256 ஹிட், இன்றுவரை யாரும் தொடவில்லை. ஆனால் தன் அணியின் ஆட்டத்தில் பந்தயம் கட்டினால் நிரந்தரத் தடை என்ற விதி ஒவ்வோர் அணியின் உடைமாற்றும் அறையிலும் ஒட்டியிருக்கும். அவர் தினமும் அதைக் கடந்துதான் மைதானத்துக்குப் போனார். சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் மேனேஜராக இருந்துகொண்டே ரெட்ஸ் ஆட்டங்களில் பணம் கட்டினார். 1989-ல் தடை வந்தது. கட்டவே இல்லை என்று 2004 வரை சாதித்துவிட்டுப் பிறகு ஒப்புக்கொண்டார். "தோற்கும் என்று ஒருநாளும் கட்டவில்லையே" என்று நீ எழுதியிருக்கிறாய். எல்லோரும் சொல்வதுதான். யோசித்துப் பார், மேனேஜர் இன்று கட்டினார், நாளை கட்டவில்லை என்றால், நாளைய ஆட்டத்தில் நம்பிக்கை இல்லை என்று சூதாட்ட ஏஜென்டுக்கு அவரே துப்புக் கொடுத்த மாதிரி ஆகிறது. பணம் கட்டிய நாளில் களைத்துப்போன பிட்சரை (பந்துவீச்சாளரை) இன்னும் ஒரு இன்னிங்ஸ் போடச் சொல்லத் தோன்றாதா? தோன்றியதா என்று நமக்குத் தெரியாது. அந்தச் சந்தேகத்தைப் பார்ப்பவன் மனதில் விதைத்ததுதான் குற்றம்.

அவர் 2024 செப்டம்பரில் இறந்தார். 2025 மே மாதம் கமிஷனர் ராப் மேன்ஃப்ரெட், நிரந்தரத் தடை என்பது சாவோடு முடிகிறது என்று அறிவித்துவிட்டார். இறந்தவரால் ஆட்டத்துக்கு ஆபத்தில்லையாம். அதே உத்தரவில் பணம் வாங்கிக்கொண்டு தோற்றதாகச் சொல்லப்படும் 1919 உலகத் தொடர் ஊழலில் சிக்கிய ஷூலெஸ் ஜோ ஜாக்சனும் விடுபட்டார். இனி 2027 டிசம்பரில் பதினாறு பேர் கொண்ட கமிட்டி முன் இவர்கள் பெயர் வரலாம், பன்னிரண்டு ஓட்டு வேண்டும். வந்தால் வரட்டும். ஜாக்சன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு, ரோஸ் விஷயத்தில் அதுவும் இல்லை.

கர்ட் ஷில்லிங் கதையை நீ எழுதவில்லை, ஆனால் சிரிக்க வேண்டுமென்றால் அதைப் பார். 3,116 ஸ்ட்ரைக்அவுட் எடுத்த பிட்சர். நிருபர்களைத் தூக்கில் போடச் சொல்லும் வாசகம் அச்சிட்ட சட்டையை மெச்சி ட்விட்டரில் போட்டார். ஓட்டுப் போடுகிறவர்கள் யார்? நிருபர்கள்! 2021-ல் பதினாறு ஓட்டில் தவறவிட்டார். வாய்க்கொழுப்பு பேஸ்பால் குற்றமில்லை, நான் அவரை உள்ளே விட்டிருப்பேன்.

இவ்வளவு பேசிவிட்டு எனக்கே பதில் தெரியாத ஓர் இடம் இருக்கிறது. ராபர்ட்டோ அலோமர் 2011-ல் உள்ளே போனார். 2021-ல் பாலியல் புகார் ஒன்றை விசாரித்துவிட்டு பேஸ்பால் அவரைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. பட்டயம் மட்டும் சுவரிலேயே இருக்கிறது. ஓமர் விஸ்கெல் 2020-ல் 52.6 சதவீதம் வாங்கியவர், குடும்ப வன்முறைப் புகார் வந்ததும் இரண்டே வருடத்தில் 23.9-க்கு விழுந்தார். என் கணக்குப்படி இவை ஆட்டத்தைத் தொடாதவை, எனவே ஓட்டைத் தொடக்கூடாது. அமெரிக்கன் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் அப்படித்தான், மைதானத்துக்கு வெளியே நடந்ததைப் பார்க்காதே என்கிறது. கொலை வழக்கில் சிக்கிய ஓ.ஜே. சிம்ப்சன் சிலை அங்கே நிற்கிறது. ஆனால் தேர்வு என்பது சுவரில் தகடு மாட்டுவது மட்டுமா? கோடையில் மேடை போட்டு, மைக் கொடுத்து, திரண்ட கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிற விழா அது. அடிவாங்கிய பெண்ணும் அதை டிவியில் பார்ப்பாள். அவள் முன்னால் என் கணக்கை நீட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. நிருபர் ஒருவர் இப்படிப்பட்டவர் பெயர் வரும் வருடம் ஓட்டுச்சீட்டை நிரப்பாமல் வைத்துவிட்டார் என்றால் நான் குறை சொல்லமாட்டேன். உன் கணக்கில் இது எங்கே நிற்கிறது, எழுது.

அடுத்த மாதம் டாக்டர் என்ன சொல்கிறார் என்று தெரிவி. வண்டி ஓட்ட அனுமதி கொடுத்தால் போனில் சொல்லாமல் கடிதமாகவே எழுது, இந்தச் சண்டை போனில் போட்டால் ருசிக்காது.

அன்புடன்,
சேது

பி.கு.: நட்சத்திரம் பொறித்த அந்தப் பந்தை நீ பார்த்தாயா? மியூசியத்தில் அப்போது வைத்திருந்தார்களா என்று மகனைக் கேட்டுச் சொல்.